தயார் என்று சொன்ன பாலம்

இன்னும் ஒரு போர்கூட நடக்காத போர்க்களம் ஒன்று இருந்தது. அது எந்த நாட்டிலும் இல்லை. போர் விளையாட்டுகள் செய்கிற கோமதி என்பவளின் கணினிக்குள் இருந்தது. களத்தின் குறுக்கே ஓர் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் யானை, பீரங்கி, காலாட்படை. அந்தப் பக்கம், பிடிக்க வேண்டிய கோட்டை. ஆற்றின் மேல் ஒரு கல்பாலம்.

பாலம் பார்க்க அழகாக இருந்தது. வளைவுகளில் பாசிகூடப் படிந்திருந்தது. அதை வரைந்து முடித்த அன்று கோமதி சாய்ந்து உட்கார்ந்து நெடுநேரம் ரசித்தாள். "இது எவ்வளவு பாரம் தாங்கணும்கிறதைப் பிறகு எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை வேலைக்குப் போனாள். கோட்டைக்குப் பின் குதிரைகள் வந்தன. குதிரைகளுக்குப் பின் மழை, மழைக்குப் பின் சேறு. அவள் சொன்ன அந்தப் 'பிறகு' மட்டும் வரவில்லை.

ஆக, பாலம் வெறும் படம். இது பாலத்துக்கு மட்டுமே தெரியும்.

அதற்கும் முதலில் தெரிந்திருக்கவில்லை. ஒரு வெள்ளோட்டத்தின்போது வழி தப்பிய காலாள் ஒருவன் அதன் மேல் காலை வைத்தான். கால் கணுக்கால்வரை கல்லுக்குள் இறங்கியது. அவன் சட்டென்று காலை உருவிக்கொண்டான், யாராவது பார்த்தார்களா என்று இருபுறமும் பார்த்தான், படையோடு போய்ச் சேர்ந்துகொண்டான். வழி தப்பியது தன் குற்றம் என்று நினைத்திருப்பான். யாரிடமும் சொல்லவில்லை. பாலமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதற்கு நிம்மதி போயிற்று.

வெள்ளோட்டம் பார்ப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிக்காமல் போனார்கள் என்று கேட்கலாம். களம் உருவான புதிதில் பாலமே கிடையாது. ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் கீழ்ப்பக்கம் ஆழமில்லாத மணல்துறைக்குத்தான் போக வேண்டும். எல்லோரும் அப்படியே போய்ப் பழகினார்கள். பாலம் வந்த பிறகும் கால்கள் மணல்துறைக்கே போயின. யாரும் கட்டளையிடவில்லை, யாரும் யோசிக்கவுமில்லை. ஒவ்வொரு வெள்ளோட்டத்திலும் படை ஆற்றை நெருங்கும்போது பாலம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். படை கீழ்ப்பக்கம் திரும்பியதும் மூச்சை விடும். தப்பித்தோம் என்ற எண்ணம் வரும். கூடவே, இது என்ன பிழைப்பு என்ற எண்ணமும் வரும்.

களத்தின் ஓரத்தில் ஒரு சாளரம் இருந்தது. இந்த விளையாட்டுக்காக வெளியே காத்திருப்பவர்கள் பேசிக்கொள்வது அதன் வழியாகக் கேட்கும். அதில் இரண்டு குரல்கள் ஓயாமல் கேட்கும். ஒன்று தூத்துக்குடி மிக்கேல். இன்னொன்று பொள்ளாச்சி நாச்சிமுத்து. இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்குப் பொழுது போகாது.

"அண்ணாச்சி, வெளியீட்டைத் திரும்பவும் தள்ளி வச்சிட்டாவளாம்லா! எங்க அக்கா மவன் பொறந்தப்ப அறிவிச்ச விளையாட்டு. அவன் இப்ப பள்ளிக்கூடம் போறான்" என்றான் மிக்கேல்.

"போகட்டுங் தம்பி. அரைவேக்காட்டை எறக்கி வச்சா உங்களுக்குத்தான வயித்து வலி?"

"நாலு பக், பிழைன்னு இருந்தா இருந்துட்டுப் போவுது. குடுங்க, நாங்க வெளையாடிக்கிட்டே கண்டுபிடிச்சுச் சொல்லுதோம். எல்லாத்தையும் மன்னிச்சிருவோம். காக்க வைக்கதைத்தான் மன்னிக்க முடியல."

"நான் ஏன் தம்பி மன்னிக்கோணும்? முடிச்சுப்போட்டுக் குடுத்தா மன்னிக்கிற வேலையே இல்லீங்களே."

"நீரு தென்னை வச்சுட்டு உக்காந்திருக்கிற ஆளு. ஒமக்குப் பொறுமை இருக்கும்."

"தென்னைக்கும் தண்ணி விடோணுங். சும்மா உக்காந்தா வராது."

இதைக் கேட்டுப் பீரங்கி உறுமியது. அதற்கு வெளியே போய் வெடித்தாக வேண்டும். "அந்தத் தூத்துக்குடிக்காரன் சொல்றதுதான் சரி. குழாய்க்குள்ள குருவி கூடு கட்டுறதுக்கு முந்தி நான் ஒரு தடவையாவது வெடிக்கணும்."

"உனக்கென்ன, நீ முடிஞ்சவன்" என்றது பாலம் மெதுவாக.

"ஏன், உனக்கு என்ன குறை?"

மூலையில் கிடந்த தேர் திரும்பிப் பார்த்தது. கோமதி முன்பு செய்த ஒரு விளையாட்டைச் சேர்ந்த தேர் அது. அந்த விளையாட்டை அவள் வெளியிடவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழைத்துக்கொண்டே இருந்தாள். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

"எங்க களத்துல ஒரு பிழை கிடையாது" என்றது தேர். "ஆணி அடிச்ச இடம்கூடத் தெரியாது. ஆளும் கிடையாது. சாளரத்துல பேச்சுக் குறையும் பாரு, அப்ப தெரியும். முதல்ல திட்டுறது நிக்கும். திட்டுறது நின்னா முடிஞ்சுது."

பாலம் சாளரத்தின் பக்கம் காது கொடுத்தது. இப்போதெல்லாம் சாளரத்தில் குரல்கள் குறைந்துதான் வந்தன.

அந்த வாரம் கோமதி களத்துக்குள் வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். இனியும் தள்ளிப் போட அவளால் முடியாது. வீட்டிலும் கேட்கிறார்கள், வெளியிலும் கேட்கிறார்கள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிடுவதற்கு முன் களத்தில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் சுட்டியை வைத்துக் கேட்பாள்.

"பீரங்கி, தயாரா?"

"போன வருஷமே தயார்!"

"யானை?"

"தயார் தாயி."

"கோட்டை?"

"தயார்."

சுட்டி பாலத்தின் மேல் வந்து நின்றது. பாலம் வாயைத் திறந்தது. இல்லை அம்மா, என்னைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லிவிடத்தான் நினைத்தது. சொன்னால் வெளியீடு இன்னொரு முறை தள்ளிப் போகும். பீரங்கி திட்டும். சாளரத்தில் மிச்சமிருக்கும் குரல்களும் போய்விடும். எல்லோரும் தேர் கிடக்கும் மூலைக்குப் போய்ச் சேருவார்கள். காரணம் யார்? பாலம். அது கோமதியின் முகத்தைப் பார்த்தது. அவள் பதிலுக்குக் காத்திருப்பது போலவே தெரியவில்லை. அடுத்தது எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"தயார்" என்றது பாலம்.

எப்படியும் எல்லோரும் மணல்துறை வழியாகத்தானே போவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

ஆனால் யானை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. காது இரண்டும் விசிறியது. "அப்படியா தம்பி! உன் வேலை முடியலைன்னு நெனச்சில்ல நான் இத்தனை நாளும் சுத்திப் போனேன்? அந்த மணல்ல பீரங்கியை இழுக்கிறதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போகுது. முதல் போருக்கு உன் மேலதான் வருவேன். தாங்குவியா?"

பாலத்தின் கற்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"வாங்கண்ணே" என்றது பாலம்.

விளையாட்டு வெளியானது. சாளரம் கதவாகத் திறந்து கூட்டம் உள்ளே வந்தது. மிக்கேல் நேராகப் போய்க் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். யானைப்படை நாச்சிமுத்துவுக்கு.

நாச்சிமுத்து எதற்கும் அவசரப்படாதவர். ஆற்றின் நீளம் முழுக்கப் பார்த்தார். மணல்துறை கோட்டைப் பீரங்கிகளின் பார்வையில் இருந்தது. பாலம் மறைவாக இருந்தது. யோசிக்கத் தெரிந்த எவரும் பாலத்தைத்தான் எடுப்பார்கள். அவரும் எடுத்தார்.

யானை ஆடி அசைந்து வந்தது. புது இடத்தில் யானை எப்போதும் முன்னங்காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தைப் போடும். அது அதன் குணம். அன்று தட்டிப் பார்க்கவில்லை. நம்ம தம்பிதானே என்று முழுப் பாரத்தையும் ஒரே அடியில் வைத்தது.

"அண்ணே, நில்லுங்க!" என்று பாலம் கத்தியது. அதற்குள் கால் போய்விட்டது. பிறகு வயிறு போயிற்று. யானை பாதி கல்லுக்கு மேலும் பாதி கல்லுக்குக் கீழுமாக நின்றது. மேலே தலையும் துதிக்கையும், கீழே ஆற்றின் மேல் காற்றில் உதைத்துக்கொண்டு நான்கு கால்கள். விழவும் இல்லை, ஏறவும் இல்லை. பின்னால் வந்த படை நிற்கத் தெரியாமல் அதன் மேலேயே வந்து மோதிக் குவிந்தது.

"யண்ணாச்சி! என்ன இது, யானையை நட்டு வச்சிருக்கீரு? உரம் எப்ப வைப்பீரு?" மிக்கேல் சிரித்த சிரிப்பில் கோட்டை குலுங்கியது.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "நாம்பாட்டுக்கு நம்பி உட்டனுங்களே" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் திட்டுவது போல இருந்திருந்தால் பாலம் தாங்கியிருக்கும்.

கல்லில் நட்ட யானையின் படம் பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அவசரப்பட்டதால் வந்த வினை என்று ஒரு கூட்டம். இவ்வளவு காலம் தள்ளிப் போட்டும் இந்த லட்சணமா என்று இன்னொரு கூட்டம். கோமதி ஓடி வந்தாள். முதலில் யானையை மேலே எடுத்தாள். பிறகு பாலத்தின் முன் உட்கார்ந்தாள்.

"இத்தனை வெள்ளோட்டம் விட்டோமே. ஒருத்தர்கூட உன் மேல ஏறலையா?"

"யாரும் ஏறலைம்மா. நீங்களும்தான்."

கோமதி தன் பழைய ஆட்டங்களை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அவளுடைய படை ஆற்றங்கரைக்கு வந்ததும் ஒரு கணம்கூடத் தயங்காமல் மணல்துறைக்குத் திரும்பியது. எங்கே ஓட்டை என்று அவள் மனசுக்கு மறந்துவிட்டது. கைக்கு மட்டும் மறக்கவில்லை.

"உனக்குத் தெரியும்தானே? ஏன் தயார்னு சொன்னே?"

"பயமா இருந்துச்சு." பாலம் மேலும் சொன்னது: "நீங்க கேட்டப்போ, இல்லைங்கிற பதிலுக்கு உங்க முகத்துல இடமே இல்லைம்மா."

கோமதி மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கினாள். பெரிய வேலையொன்றும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. கல்லுக்குக் கல் பாரம் எழுதினாள். யானைகள் வரிசையாக நின்று கூத்தாடினாலும் இனி அசையாது. எழுந்து போகும்போது வளைவின் பாசியைச் சுட்டியால் ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

பாலத்துக்கு அப்போதுதான் முதல் முறையாகத் தன் உடம்பு தன்னுடையதாகத் தெரிந்தது. வரட்டும், எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தது.

படைகள் வந்தன. ஆற்றங்கரைவரை வந்து, மணல்துறைக்குத் திரும்பின.

"சரி பண்ணிட்டாவளாம் அண்ணாச்சி. இப்ப பாலத்துல போலாமாம்" என்றான் மிக்கேல் ஒரு நாள்.

"இருக்கட்டுங் தம்பி. நீங்க போறீங்களா?"

"நானா?" மிக்கேல் கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம். எனக்கு மணல் வழிதான் தோது."

ஓட்டை இருந்தால் மன்னிப்போம் என்று சொன்னவன் அவன். வாக்குத் தவறவில்லை, மன்னிக்கத்தான் செய்தான். ஏறத்தான் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. சிலர் பாலத்தை நோக்கி வருவார்கள். பாலம் நிமிர்ந்து நிற்கும். அப்போது நாச்சிமுத்துவின் குரல் பரிவோடு கேட்கும்: "அதுல போகாதீங் கண்ணு, அது ஒரு மாதிரி. அக்கட்டால மணல்ல வாங்." அவருக்குப் பாலத்தின் மேல் கோபமே கிடையாது. யாரும் தன்னைப் போல ஏமாறக் கூடாது என்ற நல்ல மனசுதான். கொஞ்ச காலத்தில் அவர் சொல்லவும் தேவைப்படவில்லை. காரணம் தெரியாதவர்களும் சுற்றிப் போனார்கள்.

நான் அன்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாலம் யோசித்துக்கொண்டே இருந்தது. தள்ளிப் போயிருக்கும். ஒருவேளை தேரைப் போல ஆகியிருக்கலாம். அது தெரியாது. வேலை ஒரு பகலுக்குக்கூட வரவில்லை என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு பகலை யார் தின்றது? கோமதியா, மிக்கேலா, தேரா? எப்படிக் கேட்டுப் பார்த்தாலும் கேள்வி சுற்றிவிட்டுத் தன்னிடமே வந்து நின்றது.

ஒரு நாள் போர் முடிந்து களம் ஓய்ந்திருந்தபோது யானை தனியாகக் கரைக்கு வந்தது. கல்லில் சிக்கிய நாளுக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை.

"அண்ணே" என்றது பாலம். "இப்ப நிஜமாவே தாங்குவேன்."

"தெரியும்டா. அந்தப் பொண்ணு வேலை செய்தப்போ பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"என்னை நம்பலையா?"

"நம்பாம இங்க எதுக்கு வரேன்?"

யானை பாலத்தின் விளிம்புக்கு வந்தது. முன்னங்காலைத் தூக்கியது. கல்லுக்கும் காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். பாலம் கற்களையெல்லாம் இறுக்கிக்கொண்டு காத்திருந்தது. ஆற்றில் நீர் போய்க்கொண்டிருந்தது. கால் காற்றிலேயே நின்றது.

"வைங்கண்ணே."

"வைக்கத்தான்டா பார்க்கிறேன்" என்றது யானை. "எனக்கு உன் மேல நம்பிக்கை வந்து ரொம்ப நாளாச்சு. இந்தக் காலுக்குத்தான் இன்னும் வரலை."