பதினொன்றே முக்கால் விசில்

பொதிகை மலையடியில் ஒரு சின்ன மடம். காலை பதினொரு மணிக்கு எல்லோரும் கூடத்தில் கண்ணை மூடி உட்காருவார்கள். பன்னிரண்டு வரை பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. ஆனால் பதினொன்றே முக்காலுக்குத் தவறாமல் ஒரு சத்தம் கேட்கும். இசக்கியப்பனின் வயிற்றிலிருந்து வரும் சத்தம் அது.

லேசான சத்தம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூலைவரை கேட்கும். மோட்சத்துக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்கள்.

இசக்கியப்பன் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். காலை டிரிப் முடிந்து வண்டி டிப்போவுக்குள் நுழைகிற நேரம் பதினொன்றே முக்கால். இறங்கியதும் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், மனைவியும் போய்விட்டாள், வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வயிறு மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது.

மடத்தின் குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயர் அறம்வளர்த்தாள். ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்பதால் டாக்டரம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆவணிப் பௌர்ணமியன்று இசக்கியப்பனுக்குக் காவி கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார். பௌர்ணமிக்குப் பத்து நாள் இருந்தபோது இசக்கியப்பன் அவர் முன்னால் போய் நின்றார்.

“அம்மா, பசியை ஜெயிக்க என்ன வழி?”

“எதுக்கு ஜெயிக்கணும்?”

“கோபம் போயிட்டு. ஆசை போயிட்டு. இந்த ஒண்ணுதான் மானத்தை வாங்குது. வயித்தை அடக்கத் தெரியாதவனுக்குக் காவி எதுக்கு?”

அன்றிலிருந்து தண்ணீர் மட்டும் குடிக்கப் போவதாகச் சொன்னார். பௌர்ணமிக்குள் அந்தச் சத்தம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். ஊரில் அவருக்காகக் காத்திருப்பது ஒரு பூட்டு மட்டும்தான். அது டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வேலை கொடுத்தார். பின்கட்டு அறையில் சொரிமுத்து என்று ஒருவர் சில நாளாகத் தங்கியிருந்தார். கூட இருந்த மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை அவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு சின்னக் கிண்ணம். இனிப்பு கூடாது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது.

“பட்டினி கிடக்கிறவனை ஊட்டச் சொல்லுதீங்களே அம்மா” என்றார் இசக்கியப்பன்.

“அவருக்குப் பசியே கிடையாது, அண்ணாச்சி. போய்ப் பாருங்க.”

பசியே இல்லாத மனிதர் என்றதும் இசக்கியப்பனுக்கு மரியாதை வந்துவிட்டது. போனதும் முதல் வேலையாகச் சொரிமுத்துவைக் கும்பிட்டார். எத்தனை வருஷம் தவம் செய்து இதை அடைந்தீர்கள் என்று கேட்டார்.

சொரிமுத்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை ஒரு தழும்பு ஓடியது. புற்றுநோய் வந்து இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்களாம். குடலை நேராக மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். உடம்பு கொஞ்சமாவது தேறினால்தான் அடுத்த மருந்து ஏற்ற முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் மனிதர் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கல்யாணப் பந்தல் போடுகிறவர். பந்தல் போட்ட வீட்டில் எல்லாம் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கியவர்.

“இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார் இசக்கியப்பன்.

“கல்யாணம் இல்லாத வீட்டுல பந்தல் போடுத மாதிரி இருக்கு, அண்ணாச்சி. கால் நட்டாச்சு, துணி கட்டியாச்சு. யாருக்குன்னுதான் தெரியல.”

அன்று அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார். இசக்கியப்பனுக்கு அன்று பதினொன்றே முக்காலுக்குப் பசித்தது. ஒரு மணிக்கு அடங்கிவிட்டது. டாக்டரம்மாவிடம் போய், முதல் நாளே ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்.

“நீங்க ஜெயிச்சீங்களா, அது கூப்பிட்டுப் பார்த்துட்டுத் திரும்பிப் போச்சா?” என்று மட்டும் அவர் கேட்டார்.

மறுநாள் அதே நேரத்துக்கு அது மறுபடி வந்தது.

இரண்டாம் நாள்தான் அந்தத் தப்பு நடந்தது. கண்டக்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஐம்பது பேர் ஏற வேண்டிய வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றிப் பழகியவர் அவர். உள்ளே போ, உள்ளே போ, இடம் இருக்கு என்று முப்பத்திரண்டு வருஷம் கத்தியவருக்கு, சின்னக் கிண்ணம் என்பது காலி வண்டி ஓட்டுவது போலத்தான் தெரிந்தது. இப்படிக் கொடுத்தால் மனிதர் எப்போது தேறுவார்? ஒரு முழு இலை போட்டார். பருப்பு, நெய், சாதம், கூடவே ஒரு டம்ளர் பாயசம். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சியும் அதட்டியும் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினார்.

கால் மணி நேரம் ஆகவில்லை. சொரிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடத்தது. கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்தார். இசக்கியப்பன் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். குரல் கேட்டு வந்த டாக்டரம்மா சொரிமுத்துவைப் படுக்க வைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. சொரிமுத்து தூங்கிவிட்டார்.

இசக்கியப்பன் வாசலில் உட்கார்ந்து அழுதார். ஒரு மனிதனைச் சோறு போட்டே கொல்லப் பார்த்தேனே என்றார்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, உங்க டிரைவர் பின்னால திரும்பிப் பார்ப்பாரா?”

இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எதுக்குப் பார்க்கணும்? நான் இருக்கேன்ல. ஒரு விசில் கொடுத்தா நிப்பாட்டணும். ரெண்டு கொடுத்தா எடுக்கணும்.”

“அவர் இரைப்பையை எடுத்தபோது கண்டக்டரையும் கதவையும் சேர்த்தே எடுத்துட்டாங்க.”

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். இரைப்பையின் அடியில் ஒரு வாசல் இருக்கிறது. உண்டதை எல்லாம் ஒரேயடியாக விடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். சொரிமுத்துவுக்கு அந்த வாசல் இல்லாததால் எல்லாம் ஒரேயடியாகக் குடலில் இறங்கிவிட்டது. கீழே இருக்கிற குடல், வந்ததைச் சுவைத்துப் பார்க்கும்.

“குடலு சுவைக்குமா?”

“வாயில மட்டும்தான் நாக்குன்னு நினைச்சீங்களா? உள்ளேயும் சுவை அறியுறது உண்டு. வந்தது நெய்யா, சர்க்கரையா, பருப்பான்னு அதுக்குத் தெரியும். நெய் வந்தா ரத்தத்துல ஒரு சேதி அனுப்பும். ஹார்மோன்னு படிச்சவங்க சொல்வாங்க. கடுகுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அந்தத் துளி மேல போய், இரைப்பைகிட்ட வாசலைச் சாத்துன்னு சொல்லும். பித்தப்பைகிட்ட பித்தத்தை விடுன்னு சொல்லும். தலைக்குப் போய்ப் போதும்னு சொல்லும்.”

“அது ரெண்டு விசிலு” என்றார் இசக்கியப்பன்.

“அப்ப ஒரு விசில் எது?”

கேட்டுவிட்டு டாக்டரம்மாவே பதிலும் சொன்னார்.

“இரைப்பை காலியாகும்போது அதோட மேல்பக்கத்துல ஒண்ணு ஊறும். கிரெலின்னு பேரு. நீங்க தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கன்னு பழகி வச்சிருக்கும். அந்த நேரம் நெருங்கும்போதே ஊற ஆரம்பிச்சிடும். போய்த் தலைகிட்ட, கொஞ்சம் நிப்பாட்டு, ஏத்த வேண்டியது இருக்குன்னு சொல்லும். சாப்பிடலேன்னா கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிடும். மறுநாள் வரும். கோபிச்சுக்காது.”

இசக்கியப்பன் தன் வயிற்றைப் பார்த்தார்.

“அப்ப அந்தச் சத்தம்?”

“காலியான இடத்தை அது பெருக்கிச் சுத்தம் பண்ணும். நேத்து மிச்சம் ஏதும் தங்கிடாம ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் தள்ளிட்டுப் போகும். இன்னைக்கு வரப்போறவங்களுக்கு இடம் பண்ணுற சத்தம் அது.”

இசக்கியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அறுபத்துமூன்று வருஷமாக யாரோ உள்ளே நின்று சரியான நேரத்துக்கு விசில் கொடுத்திருக்கிறார்கள். லீவு இல்லை, ஷிப்டு மாற்றம் இல்லை. அவர் தூங்கியபோதும், மனைவியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன அன்று எதுவும் இறங்காமல் கிடந்தபோதும், யாரும் கேட்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் கொடுத்திருக்கிறார்கள். அதே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் அவர். உள்ளே இருந்த கூட்டாளியை அவருக்குத் தெரியாமல் போயிற்று. அந்த நினைப்பு அவரை உலுக்கியது.

மூன்றாம் நாள் அவர் தியானத்துக்குப் போகவில்லை. சொரிமுத்து பக்கத்தில் சின்னக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். சொரிமுத்து வாயைத் திறக்க மறுத்துவிட்டார். முந்தைய நாள் பயம் இன்னும் போகவில்லை. இனிமேல் யாரும் தன்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம், போகிறவரை போகட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி பதினொன்றே முக்கால். இசக்கியப்பனின் வயிறு சத்தம் போட்டது.

சொரிமுத்து திரும்பினார்.

“அது என்ன சத்தம்?”

“மன்னிக்கணும். என் வயிறுதான்.”

“மறுபடி வருமா?”

வந்தது. சொரிமுத்து மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு குனிந்து, இசக்கியப்பனின் வயிற்றில் காதை வைத்தார். இசக்கியப்பன் மூச்சுகூட விடவில்லை. உள்ளே அது உருண்டு, இறங்கி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. சொரிமுத்துவின் கண்ணீர் அவர் வேட்டியில் சொட்டியது.

“ஏழு மாசமாச்சு அண்ணாச்சி, இதைக் கேட்டு. எனக்கும் இப்படித்தான் கத்தும். பந்தல் மேல நிக்கும்போது கீழ இருக்கிறவன் சிரிப்பான்.”

காதை எடுக்காமலே கையை நீட்டினார். இசக்கியப்பன் கிண்ணத்தைக் கொடுத்தார். சொரிமுத்து மெதுவாக மென்று, ஒவ்வொரு வாயாக, கிண்ணத்தைக் காலி செய்தார்.

முடித்ததும் கேட்டார்: “நீரு பட்டினி கிடக்கீராமே. இப்படியே கிடந்தா இந்தச் சத்தம் நின்னு போயிடுமா?”

“நிக்கணும்னுதான் கிடக்கேன்.”

“அப்ப நாளைக்கு என்னைச் சாப்பிட யாரு கூப்பிடுவா?”

இசக்கியப்பன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். ஒரு தட்டில் தயிர்ச்சோறு போட்டுக்கொண்டு வந்து, சொரிமுத்துவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். காவி போயிற்று என்று அவருக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மற்ற வேளைகளுக்குக் கடிகாரம் போதும், ஆனால் பதினொன்றே முக்காலுக்குச் சொரிமுத்து கடிகாரத்தைப் பார்க்க மறுத்தார். சத்தம் வந்த பிறகுதான் கிண்ணத்தைத் தொடுவார். ஒரு வாரத்தில் அவர் எடை முக்கால் கிலோ கூடியிருந்தது. இசக்கியப்பன் அதை மூன்று முறை நிறுத்துப் பார்த்தார்.

பௌர்ணமி வந்தது. அன்று தியானம் இல்லை, காவி கொடுப்பதைப் பார்க்க எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். இசக்கியப்பன் பையைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நின்றார். டாக்டரம்மாவின் மடியில் மடித்த காவி வேட்டி இருந்தது.

“பத்து நாள் சொன்னேன். மூணாம் நாளே தோத்துட்டேன், அம்மா. விடை கொடுங்க.”

“மணி என்ன?”

இசக்கியப்பன் கடிகாரத்தைப் பார்க்க நிமிர்ந்தார். அதற்குள் அவர் வயிறு பதில் சொல்லிவிட்டது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பின்கட்டிலிருந்து சொரிமுத்துவின் குரல் வந்தது. “அண்ணாச்சி, சத்தம் கேட்டுட்டு. கிண்ணத்தை எடுத்துட்டேன், வாரும்.”

டாக்டரம்மா எழுந்து, இசக்கியப்பனின் தோளிலிருந்து பையை இறக்கினார். காவி வேட்டியை அவர் கையில் வைத்தார்.

“நீங்க ஜெயிச்சிருந்தா, அவருக்கு இந்த வேளை சாப்பாடு இல்லை, அண்ணாச்சி.”