கயிறு பிடிக்கிறவர்

மரகதம்மாளுக்குச் சீடர்கள் என்று நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் பொன்னுலிங்கம் ஒருவர்தான் குருவைவிட வயதில் மூத்தவர். அந்த அம்மா அவரை அண்ணாச்சி என்பார். அவர் அந்த அம்மாவை அம்மா என்பார். தூத்துக்குடியில் இதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

மரகதம்மாள் ஒரு காலத்தில் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் போதும் என்று தோன்றியிருக்கிறது, எழுந்து வந்துவிட்டார். இப்போது திரேஸ்புரத்தில், கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன வீடு. முன்னறையில் பாய் விரித்திருக்கும். வருகிறவர்கள் உட்காரலாம். கேட்கத் தோன்றினால் கேட்கலாம். பதில் வரும்; வராமலும் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பொன்னுலிங்கம் உட்காரவில்லை. பாய் ஓரத்தில் நின்றபடியே பேசினார்.

“திங்கக்கிழமை சென்னையில எங்க கப்பல் சரக்குக் கம்பெனி கூட்டம்மா. எங்க கிளைக்கு யாரு மேனேஜர்னு முடிவு பண்ணுதாங்க.”

“சரி.”

“இதை விட்டா எனக்கு அடுத்தது கிடையாது. சென்னையிலேர்ந்து எவனாவது ஒரு பொடியன் வந்து அந்த நாற்காலியில உக்காருவான். அவன் சொல்லுத வேளைக்கு நான் காப்பி குடிக்கணும். வீட்ல வேற சம்சாரம் இப்பவே எங்க மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா, கிடைச்ச மாதிரி.”

“உங்க வேலை எப்படின்னு கம்பெனிக்குத் தெரியாதா?”

“வேலை பாக்கிறவன் எல்லாக் கிளையிலயும் இருக்கான். அந்தக் கூட்டத்துல நான் இருக்கமாட்டேன். அங்க எனக்காக வாயைத் திறக்க ஒரு பெரிய ஆள் வேணும். எங்க டைரக்டர் ராஜரத்தினம் சார் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், யாரும் மறுக்கமாட்டாங்க. அவர்தான் வாயைத் திறக்க மாட்டேங்காரு.”

“கேட்டீங்களா?”

“கேக்கத்தான் இல்லை. மத்தபடி எல்லாம் செஞ்சாச்சு.”

செய்ததையெல்லாம் சொன்னார். டைரக்டர் சரக்கு நிலவரம் பார்க்க அவ்வப்போது ஊருக்கு வருவார். விமான நிலையத்துக்குக் கார் போகும். காருடன் பொன்னுலிங்கமும் போவார். கையில் ஊர் இனிப்பான மக்ரூன் ஒரு டப்பா இருக்கும். டைரக்டர் வாங்கி, நன்றி சொல்லி, இறங்கும்போது அதை டிரைவரிடம் கொடுத்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதே பொன்னுலிங்கத்துக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் டிரைவருக்குத் தொப்பை போட்டுவிட்டது. டைரக்டர் மகள் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனார். வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரை மண்டபத்து ஆள் என்று நினைத்து, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

மரகதம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்ட மாதிரி இருந்தது.

“இன்னும் என்ன செஞ்சா அந்த மனுசன் என் பக்கம் திரும்புவாரு? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

“செருப்பைப் போடுங்க, அண்ணாச்சி.”

கரையில் ஒரு வள்ளம் புறப்பட நின்றது. சங்கு எடுக்கப் போகிற வள்ளம். ஆழத்தில் இறங்குகிறவனுடைய இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் இருக்கும் ஒருவர் கையில். கீழே இருப்பவன் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுக்கவேண்டும். அவர் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால், போனவன் போனவன்தான்.

மரகதம்மாள் நேரே ஒருவனிடம் போனார். தொம்மை என்று பெயர்; அன்று கடலில் இறங்கப் போகிறவன். காகிதக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“தொம்மை, இன்னைக்கு உன் கயித்தை அண்ணாச்சி பிடிக்கட்டுமா?”

தொம்மை பொன்னுலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தான். தேய்த்த சட்டையைப் பார்த்தான். பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தான்.

“அண்ணாச்சி நல்லா இருக்கணும். நானும் நல்லா இருக்கணும். வேண்டாம்மா.”

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கயிறு பிடிப்பது தன் வேலை இல்லை என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

“ஏம்ப்பா, கையில பலம் இல்லைன்னு நினைக்கியா? சின்ன வயசுல சிலம்பம் சுத்துனவன் நான்.”

“பலத்துக்குச் சொல்லலை, அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க. நான் மேல வரலைன்னு வைங்க. இன்னைக்கு உங்க வீட்ல சோறு பொங்குவாங்களா, மாட்டாங்களா?”

பொன்னுலிங்கம் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார்.

“பொங்குவாங்க. வருத்தமாத்தான் இருக்கும். ஆனாலும் பொங்குவாங்க. எங்க மச்சான் வீட்ல அடுப்பு எரியாது.” கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவரை மோவாயால் காட்டினான். “சந்தியாகு மச்சான். என் பெண்டாட்டி அவருக்கு ஒரே தங்கச்சி. நான் போனா அவ தாலி போயிரும். அதான் கயிறு அவர் கையில. எங்களுக்குள்ள எப்பவும் மச்சான்தான் பிடிப்பாரு.”

சந்தியாகு தலையைத் தூக்கவே இல்லை.

“இவனுக்காக இல்லை, அண்ணாச்சி. இவன் ஒரு ஆளா? நேத்துச் சீட்டாட்டத்துல என்னை ஏமாத்தினவன். தங்கச்சி மூஞ்சிக்காகப் பிடிக்கேன்.”

பொன்னுலிங்கம் மரகதம்மாளின் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “புரியுதும்மா. நான் முங்கினா அவருக்கும் ஏதாவது போகணும். அப்பத்தான் அவர் விடாமப் பிடிப்பாரு. ஆனா ராஜரத்தினம் சாருக்குத் தங்கச்சி கிடையாதே. இருந்தாலும் எனக்குத்தான் கல்யாணம் ஆயிட்டே.”

“தங்கச்சியைக் கொடுக்கிறதுக்கு முன்னால சந்தியாகுவும் இவனுக்கு யாரோதானே. எப்படிக் கொடுத்தாருன்னு அவர்கிட்டயே கேளுங்க.”

பொன்னுலிங்கம் கேட்டார்.

சந்தியாகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கதை சொல்லப் பிடித்தவர் என்று முகத்திலேயே தெரிந்தது.

“பொண்ணு கேட்டு வந்தாங்க. இவன் அன்னைக்கு வெள்ளை வேட்டி சட்டையில மாதா கோயில் பாதிரியார் மாதிரி வந்தான். எங்க அம்மா முன்னால குனிஞ்ச தலை நிமிரலை. தண்ணி கொடுத்தா ரெண்டு கையால வாங்குதான். பொண்ணு பாக்க வரும்போது எந்தப் பயலும் அப்படித்தான் நிப்பான். அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கிட முடியுமா? நான் இவன்கிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கலை.”

“அப்புறம்?”

“மாப்பிள்ளையைப் பத்தி மாப்பிள்ளைகிட்டயா விசாரிப்பாங்க? இவன் கூட முங்குற ஆள் ரெக்ஸன்னு ஒருத்தன். அவனைத் தேடிப் போனேன். கரையில இவன் எப்படின்னு எனக்கே தெரியும்ல, அடியில எப்படின்னு சொல்லுன்னு கேட்டேன்.”

“அடியிலன்னா?”

“கடலுக்கு அடியில. அங்க யாரு பாக்கா? அவனவன் எடுக்கிற சங்கு அவனவனுக்கு. சங்கு குவிஞ்சு கிடக்கிற இடம் ஒருத்தன் கண்ணுல பட்டா, தன் வலையை நிரப்பிக்கிட்டுக் கம்முனு ஏறி வந்துருவான். கேட்டா மாதா குடுத்தாங்கம்பான். இவனுக்கு அப்படி ஒரு இடம் கிடைச்சிருக்கு. இவன் நீந்திப் போயி, கலங்கின தண்ணியில ஒண்ணும் தட்டுப்படாமத் தடவிக்கிட்டு நின்ன ரெக்ஸன் தோளைத் தட்டிக் கூட்டிட்டு வந்திருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து அள்ளியிருக்காங்க. மேல வந்து இவன் அதை யார்கிட்டயும் சொல்லவும் இல்லை.”

“அப்படியா நடந்துச்சு?” என்றான் தொம்மை. “எனக்கு ஞாபகமே இல்லை, மச்சான்.”

“உனக்குச் சீட்டுல ஜெயிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஏறுல, வெயில் வந்துட்டு.” சந்தியாகு வள்ளத்தைத் தள்ளத் தோள் கொடுத்தார். பிறகு திரும்பி, “அன்னைக்கே எங்க அம்மாகிட்டச் சொல்லிட்டேன், அண்ணாச்சி. கொடுத்துருவோம்னு,” என்றார்.

வள்ளம் போயிற்று. எஞ்சின் சத்தம் தேய்ந்து, அலையின் சத்தம் மட்டும் இருந்தது. பொன்னுலிங்கம் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈர மணலில் அவருடைய செருப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“பரக்கத் நிஷான்னு ஒரு அம்மா எங்க ஆபீஸ்ல இருக்காங்க,” என்றார். “எனக்கு அடுத்த மேஜை.”

மரகதம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்புச் சரக்கு ஒண்ணு சுங்கத்துல மாட்டிக்கிட்டு. கப்பல் புறப்படப் போவுது. நாங்க எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கோம். பேப்பர்ல தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சரிபண்ணினது அந்த அம்மாதான். டைரக்டருக்குப் போன் போட்டது நான்.”

“என்ன சொன்னீங்க?”

“நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன். அந்த அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஒண்ணும் சொல்லலை. பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறதுதானேன்னு நானும் விட்டுட்டேன்.”

ஒரு அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

“போன தடவை சார் வந்தப்போ, அவங்க மேஜைகிட்ட ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு. நான் போனதும் பேச்சு நின்னுட்டு. என்னைப் பத்திக் கோள் மூட்டுதாங்கன்னு நினைச்சு ரெண்டு நாளு அவங்ககூடப் பேசலை.”

“இப்போ என்ன நினைக்கீங்க?”

“கோள் எதுக்கும்மா மூட்டணும்? சார் என்னைப் பத்திக் கேட்டதுக்கு உள்ளபடி பதில் சொல்லியிருந்தாலே போதுமே.”

மரகதம்மாள் திரும்பி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். பொன்னுலிங்கம் மணலிலிருந்து காலை உருவிக்கொண்டு, எட்டி நடந்து கூட வந்தார். போன் கைக்கு வந்திருந்தது. நிஷாவின் எண்ணை எடுத்து வைத்திருந்தார்.

“இன்னைக்கு அவங்களுக்கு லீவுதான். நேரே வீட்டுக்கே போயி மன்னிப்புக் கேட்டுருதேன். கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு நாளு இருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “நான் போய்க் கேட்டா, அவங்க சார்கிட்ட என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுவாங்கள்ல?”

மரகதம்மாள் நின்றார்.

“தொம்மை அன்னைக்கு ரெக்ஸன் தோளைத் தட்டினப்போ, சந்தியாகுன்னு ஒருத்தருக்குத் தங்கச்சி இருக்கிறதே அவனுக்குத் தெரியாது, அண்ணாச்சி.”