தளவாய் வாங்கிவந்த பித்தளைப் பெட்டி

முன்னொரு காலத்தில், துப்பாக்கி என்பது அரண்மனைக்குப் புதிதாக வந்திருந்த நாளில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. தன் துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். தெரிந்து என்ன செய்யப் போகிறார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. அளக்கும் கருவி ஒன்றைத் தேடிக் கொண்டுவரும்படி படைத்தலைவரான தளவாய் திருமேனிநாதருக்கும் விகடன் கூத்தபிரானுக்கும் தனித்தனியே உத்தரவு போனது.

தளவாய்க்குப் பொறாமை பற்றிக்கொண்டது. வெடிமருந்து விஷயத்தில் ஒரு கோமாளியிடமும் யோசனையா? ஏற்கெனவே, ராஜா தம் வெற்றிலைப் பெட்டியைக் கூத்தபிரான் பக்கம் நகர்த்திய நாளெல்லாம் தளவாய்க்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அவர் வீட்டுச் சமையல்காரர் புண்ணியத்தில் இது ஊருக்கே தெரியும்.

அதனால் தாமே போய் ஒரு பந்தயம் கட்டினார். யாருடைய கருவி தோற்கிறதோ, அவர் சபையில் தம் ஆசனத்தை இழந்து கடைசி வரிசைக்குப் போக வேண்டும். வேடிக்கைதானே என்று ராஜாவும் ஒப்புக்கொண்டார்.

துறைமுகத்து வியாபாரியிடம் தளவாய் வாங்கி வந்தது பளபளக்கும் ஒரு பித்தளைப் பெட்டி. துப்பாக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டால், மேலே உள்ள முள் துள்ளி ஓர் எண்ணைக் காட்டும். கூத்தபிரான் கொண்டுவந்ததோ கயிற்றில் கட்டிய வேப்பங்கட்டை. எதிரே தள்ளித் தொங்கவிட்டுச் சுட வேண்டுமாம்; குண்டு பட்டுக் கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறதோ, அதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாமாம். தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மைதானத்தில் எல்லோரும் கூடியிருக்க, ராஜா சுட்டார். கட்டை ஆடியது. முள் உச்சி எண்ணுக்கே துள்ளியது. அந்த எண் ராஜாவுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. காலியாகப் போகும் ஆசனத்தில் தம் மருமகனை உட்காரவைக்கலாமா என்றுகூடத் தளவாய் யோசித்துவிட்டார்.

கூத்தபிரான் இன்னொரு வேட்டுக்கு அனுமதி கேட்டார்; இந்த முறை துப்பாக்கியைத் தாமே நிரப்பிக் கெட்டித்துத் தருவதாகச் சொன்னார். ராஜா மறுபடி சுட்டார். முள் மீண்டும் உச்சிக்குப் போனது. கட்டை அசையவே இல்லை.

"பார்த்தீர்களா மகாராஜா, கட்டை அதற்குள் செத்துவிட்டது. கூத்தபிரானுக்குக் கடைசி வரிசையில் பாய் போடச் சொல்லட்டுமா?" என்றார் தளவாய்.

"தாராளமாகப் போடலாம், தளவாய் அவர்களே. அதற்குமுன், இவ்வளவு வேகமாகப் போன குண்டு இப்போது எங்கே என்று தங்கள் பெட்டியிடம் விசாரித்துச் சொல்லுங்கள்" என்ற கூத்தபிரான், மடியிலிருந்து ஓர் ஈயக் குண்டை எடுத்து ராஜாவின் கையில் வைத்தார்.

"வெறும் மருந்தை மட்டுமே கெட்டித்தேன், மகாராஜா. தாங்கள் குண்டின் வேகத்தைத்தான் அளக்கச் சொன்னீர்கள். குண்டு வராததால் என் கட்டை சும்மா இருந்தது. பெட்டி பாவம், வேட்டுச் சத்தத்துக்கே துள்ளிவிட்டது."

ராஜா குண்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மைதானம் அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் முள் உச்சிக்குத் துள்ளியது. அதைக் கண்டு இன்னும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைக் கூத்தபிரானுக்குப் போர்த்தி, தளவாயின் ஆசனத்தையும் அவருக்கே கொடுத்தார்.

சபை கூடியதும் தளவாய் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? சால்வையின் சரிகை ஒரு விரல் அகலமா, இரண்டு விரல் அகலமா என்று முன்வரிசைத் தலைகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.