வடிவாம்பாளின் மதிப்பீட்டாளர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், கேட்டால் நம் நாடோ என்று சந்தேகம் வரும், ஓர் அரசருக்கு விசித்திரமான ஆசை ஒன்று வந்தது. வணிகர்கள் எல்லோரும் வருஷாவருஷம் கருவூலத்தில் காப்புப் பணம் கட்ட வேண்டும். கடையோ கிடங்கோ தீப்பிடித்தால் கருவூலம் நஷ்ட ஈடு கொடுக்கும். இதில் பணம் வாங்குகிற பாதி மட்டும் ஒழுங்காக நடந்து வந்தது.

ஜவுளி வியாபாரி வடிவாம்பாளின் கிடங்கு எரிந்துபோனது. கணவர் இறந்த பிறகு அவள் தனியாளாக நின்று கட்டிய கிடங்கு. அந்தக் கடைத்தெருவில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. எரிந்த இடத்தில் அடுத்த அமாவாசைக்குள் ஒரு வரிசைச் செங்கலாவது மறுபடி எழும்பாவிட்டால் மனை வேறொருவருக்குப் போய்விடும். நஷ்ட ஈடு வந்தால்தான் அவளால் செங்கல் வாங்க முடியும். அந்த மனைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தவர், கருவூலத் தலைவர் நீலகண்டரின் மைத்துனர்.

நஷ்டத்தை மதிப்பிடக் கருவூலம் ஒருவரை நியமிக்கும். வணிகரும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இருவர் சொல்வதையும் கேட்டு அரசர் தீர்ப்பளிப்பார். ஆனால் வணிகர் அழைத்து வருபவர் கருவூலத்தின் உப்பைத் தின்றவராக இருக்கக் கூடாது. இப்படி விதி போட்ட நீலகண்டர், கையோடு ஊரிலிருந்த மதிப்பீட்டாளர் அத்தனை பேருக்கும் கருவூலத்தில் சம்பளம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வடிவாம்பாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள், கையை விரித்தார்கள். அமாவாசைக்கு முதல் நாள் காலை, வேறு வழியில்லாமல் அரண்மனை விகடர் ஏகாம்பரத்திடம் போய் நின்றாள்.

"நான் சிரிக்க வைக்கிறவன்மா. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"அரண்மனையில ஒங்களுக்குச் சம்பளம் உண்டா ஐயா?"

விகடர் யோசித்தார். அரசர் இத்தனை வருஷமாகச் சிரித்தாரே தவிர ஒரு செப்புக்காசு கொடுத்ததில்லை. கோயில் மடைப்பள்ளிச் சோற்றில்தான் அவர் காலம் ஓடியது.

"கிடையாதும்மா. இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் மிச்சம் போலிருக்கு. வா, போவோம்."

அன்றே சபை கூடியது. கருவூலத்து மதிப்பீட்டாளர் வணங்கிச் சொன்னார்: "அரசே, நேரில் சென்று அளந்தேன். அங்கே இருப்பது மூன்று கூடைச் சாம்பல். எனவே நஷ்டம் மூன்று கூடைச் சாம்பலே."

அப்போது ஏகாம்பரம் உள்ளே வந்தார். பின்னால் மூன்று கூடைகளில் சாம்பல், கையில் எரியும் பந்தம்.

"அரசே, இவர் கணக்கு மிகச் சரி. பக்கத்திலுள்ள தங்கள் பட்டுக் கிடங்கும் அதே நீளம், அதே அகலம். அதைக் கொளுத்திப் பார்க்க அடியேனுக்கு நெடுநாள் ஆசை. நஷ்ட ஈட்டை முன்கூட்டியே கொண்டு வந்துவிட்டேன். உத்தரவு கொடுங்கள்."

"ஐயோ!" என்று நீலகண்டர் அலறினார். "நாட்டின் பாதிச் செல்வம் அதில் இருக்கிறது அரசே!"

"எரிந்த பிறகு இருக்காதே," என்றார் விகடர்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வடிவாம்பாள் முகத்திலும் கொஞ்சம் உயிர் வந்தது.

"ஏகாம்பரம்! உமக்கு நாம் இதுவரை ஒன்றுமே கொடுத்ததில்லையே! இன்று முதல் நீரே கருவூலத்தின் தலைமை மதிப்பீட்டாளர்!" என்று அரசர் எழுந்து வந்து, கருவூலச் சால்வையை அவர் தோளில் போர்த்தினார்.

விகடர் சால்வையைக் கழற்றக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தினார். அரசர் போர்த்தியதை எடுத்துப் போட்டால் தலையும் கூடவே போகும்.

நீலகண்டர் நிதானமாக எழுந்தார். "அரசே, விகடர் இப்போது நம் உப்பைத் தின்பவர். அம்மையாருக்காக அவர் பேசியது செல்லாது. அம்மையார் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கட்டும்."

"அதுவும் சரிதான். நல்ல ஆளாகப் பார்த்து அடுத்த வாரம் அழைத்து வரட்டும்," என்று அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

"தலைமை மதிப்பீட்டாளரே," என்றார் நீலகண்டர், "நாளை அமாவாசை. அந்த மனையை அளந்து என் மைத்துனரிடம் ஒப்படைக்க வேண்டும். விடிந்ததும் வந்துவிடும்."

வாய்ச்சொல்லில் பிழைத்த மனிதர் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வடிவாம்பாள்தான் பேசினாள்.

"அழாதீங்க ஐயா. யாரோ வந்து அளக்கிறதுக்குப் பதிலா நீங்களே அளந்துட்டுப் போங்க."

உள்ளே அரசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.