தேர்ச்சி அளிக்க இயலவில்லை

“சார், நான் வேலையை விடப்போறேன்” என்றாள் செண்பகவல்லி.

பி.எட். கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் வேதமுத்து, தன் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “கிடைச்சு ஒரு மாசம்கூட ஆகலையே, தாயி.”

உண்மைதான். பி.எட். முடித்து, காத்துக் காத்துத் தலை நரைத்த பிறகு கிடைத்த அரசுப் பள்ளி வேலை.

“ஈரத்துணி ஏன் கறுப்பாத் தெரியுதுன்னு ஒரு பய கேட்டான். வாயடைச்சு நின்னுட்டேன். கிளாஸே சிரிச்சிருச்சு. இந்த வயசுல எனக்கு இது தேவையா? ஒரு பேப்பர் குடுங்க, ராஜினாமாவை இங்கயே எழுதிருதேன்.”

“அலமாரியில இருக்கும், பாரு.”

வெள்ளைத்தாளைத் தேடியவள் கையில் பழுப்பேறிய கடித நகல் ஒன்று அகப்பட்டது. வேதமுத்து பி.எட். படித்த காலத்தில் அவருடைய பேராசிரியர் கல்லூரி முதல்வருக்கு எழுதியது. சத்தமாகவே படித்தாள்.

“மாணவர் வேதமுத்துவுக்குக் கற்பித்தல் பயிற்சியில் தேர்ச்சி அளிக்க இயலவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் விடை சொல்லாமல் யோசித்துக்கொண்டே நின்றுவிடுகிறார். வகுப்பு முழுவதும் காத்துக்கிடக்கிறது.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களைப் போய் ஃபெயிலாக்கியிருக்காரே. கிறுக்கு மனுஷன்.”

“தங்கமான மனுஷன். அவர் எழுதினதுல ஒரு வார்த்தை தப்பில்ல.”

“அப்புறம் எப்படித் தேறினீங்க? டக்குனு பதில் சொல்லப் பழகிட்டீங்களா?”

வேதமுத்து பூண்டைக் கீழே வைத்தார்.

“அந்தப் பய என்ன கேட்டான்?”

“ஈரத்துணி ஏன் கறுப்பாத் தெரியுதுன்னு.”

தோளில் கிடந்த துண்டின் முனையைச் செம்புத் தண்ணீரில் முக்கி, மடியில் விரித்தார். நனைந்த இடம் கறுத்திருந்தது. எழுந்துபோய் ஜன்னல் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

நனைந்த இடம்தான் பளிச்சென்று இருந்தது.

“சார், இங்க வெளுப்பாத் தெரியுதே?”

“ஆமா. ஏன்?”

அவ்வளவுதான். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி மனிதர் நின்றுவிட்டார். அவளும் பக்கத்தில் நின்றாள். அவர் இப்படி நிற்பதைப் பார்க்கத்தான் கல்லூரியில் அவள் முதல் பெஞ்சுக்கு அடித்துப்பிடித்து ஓடுவாள். எத்தனை பிரியம் அவர்மேல்.

பூண்டு பாதியில் கிடந்தது. இருவருக்கும் விடை வரவில்லை.

“சார்.”

“என்ன தாயி? பேப்பர் கிடைக்கலையா?”

“துண்டைக் குடுங்க. நாளைக்குக் கிளாஸுக்கு வேணும்.”