ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர்

கடலோர ஊர் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை வார்டுக்குத் தலைவராக இருந்த டாக்டர் மங்கையர்க்கரசிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "எதுல?" என்று கேட்பார். கிராமா மில்லிகிராமா, எந்த அளவு என்று சொல்லவேண்டும் என்று அர்த்தம்.

"மருந்து அஞ்சு போட்டாச்சு மேடம்."

"எதுல?"

"காய்ச்சல் நூத்தியொண்ணு மேடம்."

"எதுல?"

கேன்டீனில் "ரெண்டு சர்க்கரையா மேடம்?" என்று கேட்ட பையனையும் அவர் விடவில்லை என்று சொல்வார்கள். வார்டில் அவருக்கு எதுலம்மா என்று பட்டப்பெயர்.

அவரிடம் மேல்படிப்புக்கு வந்தவர் இன்பநாதன். மாணவர்தான், ஆனால் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். கிராமத்து சுகாதார நிலையங்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு படிக்க வந்த மனிதர். கெட்டிக்காரர், நல்லவர். இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தவனைப் போய் எதுல எதுல என்று குடைந்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்? அவருக்கும் வந்தது.

மங்கையர்க்கரசி நீண்ட விடுப்பில் போயிருந்த சமயத்தில்தான் தவமணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி மீன் விற்பவள். கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றுகொண்டிருந்தது. இன்பநாதன்தான் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி, மூச்சு மெஷினில் போட்டு, போகவிருந்த உயிரை இழுத்துப் பிடித்தார்.

அந்தக் குழாயின் நுனிக்கருகே ஒரு சின்ன பலூன் இருக்கும். காற்று கசியாமல் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்வது அதுதான். பலூனின் அழுத்தம் இருபத்தைந்து இருக்கவேண்டும். இருபத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீர் என்பது முழுப்பெயர், அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். ஆனால் அந்த வார்டில் முழுப்பெயர் சொல்ல யாருக்கும் நேரம் கிடையாது. வேலை முடித்துப் போகிறவர் "இருபத்தஞ்சு" என்பார், வருகிறவர் "இருபத்தஞ்சு" என்று தலையாட்டுவார்.

அழுத்தம் பார்க்கும் பழைய கருவி உடைந்துபோய், ஸ்டோரிலிருந்து வேறொன்று வந்திருந்தது. இது தண்ணீர்க் கணக்கில் காட்டாது, பாதரச மில்லிமீட்டரில் காட்டும். அப்படித்தான் அதன் முகத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. இன்பநாதன் முள்ளைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. முள்ளை அவர் கையாலேயே இருபத்தைந்தில் நிறுத்தினார். தவமணிக்குக் குழாய் இருந்த நாளெல்லாம் அது அங்கேயே நின்றது.

விஷம் இறங்கி, தவமணி வீட்டுக்குப் போனாள். சில வாரங்களில் மூச்சு இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பலூன் அழுத்திய இடம் புண்ணாகி, தழும்பேறி, மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருந்தது. கழுத்தில் துளை போட்டார்கள். மூச்சு வந்தது, குரல் போய்விட்டது.

"பாம்பு விஷத்தோட வேலைம்மா" என்றார் இன்பநாதன். அப்போது அவரே அதை நம்பினார், பாவம்.

விடுப்பு முடிந்து வந்த மங்கையர்க்கரசி அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு இன்பநாதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாதரசக் கணக்கைத் தண்ணிக் கணக்கா மாத்தத் தெரியுமா டாக்டர்?"

"தெரியும் மேடம். பாதரசம் தண்ணியைவிடப் பதிமூணரை மடங்கு கனம். மில்லிமீட்டரை ஒண்ணு புள்ளி மூணு ஆறால பெருக்கினா தண்ணி சென்டிமீட்டர் வந்துரும்."

மேஜைமேல் ஒரு பாட்டிலில் சிவப்பு மை கலந்த தண்ணீர் இருந்தது. அதன் ரப்பர் மூடி வழியாக முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நின்றது. மங்கையர்க்கரசி கருவியின் டியூபை அந்தப் பாட்டிலோடு இணைத்தார்.

"இருபத்தஞ்சு வைங்க."

இன்பநாதன் கருவியின் ரப்பர் பல்பை அமுக்கினார். முள் ஏறியது. குழாயில் சிவப்புத் தண்ணீரும் ஏறியது. முள் இருபதைத் தாண்டும்போது தண்ணீர் குழாயின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது. முள் இருபத்தைந்துக்குப் போகுமுன் மேலே பொங்கி, அவர் விரல்களிலும் சட்டைக் கையிலும் வழிந்தது.

"வழியுது மேடம்."

"வைங்க."

இன்பநாதன் முள்ளைப் பார்த்தார். முதல்முறையாக அதன் கீழே இருந்த எழுத்தையும் பார்த்தார். பல்பைக் கீழே வைத்தார்.

"தவமணிகிட்ட விஷம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"தெரியும்."

"அவங்க வீட்டு ஆளுங்களும் அதைத்தான் நம்புறாங்க. அப்படியே இருந்துட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல."

மங்கையர்க்கரசி டியூபைப் பாட்டிலிலிருந்து கழற்றினார்.

"சொன்னாலும் மில்லிமீட்டர், பாதரசம் எல்லாம் அவங்களுக்கு எப்படி மேடம் புரியும்?"

"உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுதானே இருந்துச்சு?"

இன்பநாதன் வார்டுக்குப் போனார். சட்டைக் கையில் சிவப்பு காயவில்லை. தவமணியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடை அதேதான், ஆனால் மீனுக்குப் பதிலாக ஈயக் குண்டை அள்ளித் தலையில் வைத்த மாதிரி, தான் தப்பான அளவைப் பார்த்து அழுத்தத்தை வைத்துவிட்டதாகச் சொன்னார். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

தவமணி கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டாள். காற்றில் பாதி, சத்தத்தில் பாதியாக வந்தது பேச்சு.

"நான் அந்தப் பாம்பைல்ல இத்தனை நாளும் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி விரலை வைத்தாள்.

"இனிமே கூவ முடியாதா சார்?"

"முடியாதும்மா."

அவள் விரலை எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்பநாதன் அறைக்குத் திரும்பியபோது மேஜைமேல் சிந்திய சிவப்புத் தண்ணீர் துடைக்கப்படாமல் அப்படியே கிடந்தது. மங்கையர்க்கரசி அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முழுவதும் அவர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை என்பது இன்பநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொல்லிட்டேன் மேடம்."

அவர் தலையசைத்தார்.

இன்பநாதன் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லமாட்டார்களா என்று இருந்தது அவருக்கு.

"இருக்கவேண்டியது இருபத்தஞ்சு. நான் வெச்சது முப்பத்திநாலு. ஒன்பது சென்டிமீட்டர் தண்ணி. அவ்வளவுதானே மேடம் வித்தியாசம்?"

மங்கையர்க்கரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எதுல?"