முதல் டம்ளர் பால்

ஏரிக்கரை மடத்தில் குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பது. சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார். புதிதாக வருகிறவர்கள், இங்கே யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

குருவின் பெயர் சிவக்கொழுந்து அம்மா. உபதேசம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மதியம் சாப்பிட வருகிறவர்களுக்காகக் காய் நறுக்கிக்கொண்டே பேசுவார். கேள்வியோடு வருகிறவர் பக்கமும் ஒரு அரிவாள்மனையைத் தள்ளிவிடுவார். கேள்வி பெரிதாக இருந்தால் சின்ன வெங்காயம் கிடைக்கும்.

சீடர் ஏகாம்பரம் சென்னையில் கட்டட வரைபடம் போடுகிறவர். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம். அதுதான் வினையாகிப் போயிற்று. எந்த ஊரும் சரி என்றதும் அவருக்கு ஒரு ஊரும் சரிப்படவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவர் நீளமான நோட்டு ஒன்றோடு வந்தார். அம்மா அவரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ஒரு முறம் சின்ன வெங்காயத்தை நகர்த்திவைத்தார்.

"வீட்டுக்காரர் வைகாசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரும்மா. அவர் மகனுக்குக் கல்யாணம். அதே பக்கத்துல வேற வீடு பாத்தா, கேக்கற வாடகையில பாதிச் சம்பளம் போயிடும். மெட்ராசே வேணாம், சின்ன ஊராப் பாத்துப் போயிடலாம்னு ரெண்டு வருசமாவே தேடிக்கிட்டிருக்கேன்."

"எத்தன ஊர் பாத்தீங்க?"

"அஞ்சு."

"அஞ்சுல ஒண்ணுகூடவா தேறல?"

ஏகாம்பரம் நோட்டைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு, சிவப்புப் பேனாவால் அடித்திருந்தது.

"முதல் ஊர்ல வாடகை கட்டுப்படியாகுது, ரயில் நிக்கல. ரெண்டாவதுல ரயில் நிக்குது, பள்ளிக்கூடம் சுமார். மூணாவது ஊர் வடகரைமங்கலம். வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே சரியாத்தான் இருந்தது. தண்ணி உப்பு. நாலாவது ஊர்ல..."

"போதும், வெங்காயத்தை உரிங்க. வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

ஏகாம்பரம் குனிந்துகொண்டார். வெங்காயம் இன்னும் ஒன்றுகூட உரிபடவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒரு ஊரைச் சொல்லுங்கன்னு நிக்கறாம்மா. இல்லேன்னா நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கோவில்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன், நீங்க அந்த நோட்டோட குடித்தனம் பண்ணுங்கங்கறா. விளையாட்டுக்குச் சொல்லலம்மா. அவ பெட்டியை எடுத்துத் துடைச்சு வெச்சிருக்கா."

அம்மா நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இந்த அஞ்சு ஊர்ல எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல பால் காய்ச்சுவீங்கல்ல? முதல் டம்ளர் யாருக்குக் குடுப்பீங்க?"

"போற ஊர்ல யாரம்மா நமக்குத் தெரியும்?"

"சரி. இப்ப இருக்கற வீட்டுல காய்ச்சினப்ப யாருக்குக் குடுத்தீங்க?"

பதினோரு வருடம் பின்னால் போய் வந்தார் ஏகாம்பரம். "வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர். நாங்க ரெண்டு பேரும் குடிச்சோம். எதிர்வீடு, பக்கத்துவீடெல்லாம் கதவு சாத்தியிருந்தது. நல்ல நேரமும் முடிஞ்சுபோச்சு. மிச்சப் பாலைத் தயிருக்கு உறை ஊத்திட்டோம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தத் தயிரைத்தான் பதினோரு வருசமாச் சாப்பிட்டுக்கிட்டிருக்கீங்களா ஐயா?"

ஏகாம்பரம் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

"வீட்டுக்குப் போயி பால் காய்ச்சுங்க."

"எந்த வீட்டுலம்மா?"

"இப்ப இருக்கற வீட்டுலதான்."

"காலி பண்ணப்போற வீட்டுலயா? யாராவது அப்படிச் செய்வாங்களா?"

"உங்க வீட்டுல எத்தன டம்ளர் இருக்கு?"

"ஆறு."

"ஆறும் வெளிய போயிட்டுத் திரும்பி வரணும். யாரையும் வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. நீங்களே கொண்டுபோய்க் குடுக்கணும். யாருக்குன்னு வீட்டம்மாவைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும். இப்ப அந்த வெங்காயத்தையாவது உரிங்க."

மனைவி கஸ்தூரி முதலில் நம்பவில்லை. குரு ஊரைச் சொல்லி அனுப்புவார் என்று காத்திருந்தவளிடம் பால் காய்ச்சச் சொன்னால் எரிச்சல் வராதா? வந்தது. ஆனால் "யாருக்குக் குடுக்கறதுன்னு உன்னையக் கேக்கச் சொன்னாங்க" என்று அவர் சொன்னதும் சற்று நேரம் அவரையே பார்த்தாள். இரண்டு வருடத்தில் வீடு மாறுவதைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பொங்கியது. கஸ்தூரி ஆறு டம்ளரிலும் ஊற்றித் தட்டில் வைத்தாள்.

"மொதல்ல எதிர்வீட்டு அற்புதமேரி அக்காவுக்கு" என்றாள்.

"அவங்களா? நான் பேசினதே இல்லையே."

"நீங்க பேசல. தண்ணி லாரி வர்றப்ப நான் ஆபீஸ்ல இருப்பேன். ஏழு வருசமா நம்ம குடத்தையும் வரிசையில வெச்சுப் புடிச்சுக் குடுத்தது அவங்கதான். நீங்க உள்ள ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கோடு போட்டுக்கிட்டிருப்பீங்க."

ஏகாம்பரம் தட்டோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். டம்ளரைப் பார்த்ததும் அற்புதமேரியின் முகம் மலர்ந்தது. "அட, வீட்டை விலைக்கு வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்லையே கஸ்தூரி!"

"இல்லீங்க. காலி பண்றோம்."

"காலி பண்றதுக்கா பால்?"

"ஆமாங்க. நீங்க தண்ணி புடிச்சுக் குடுத்தீங்களே... அதுக்கு."

அந்த அம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, இங்க வாங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டார். கணவரும் வீடு வாங்கியாயிற்றா என்றுதான் கேட்டார். அன்று காலை ஏகாம்பரத்துக்குப் போன வீட்டிலெல்லாம் வாழ்த்து. வீடு வாங்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அவர் வாய் ஓய்ந்துபோனது.

கடைசி டம்ளர் தெருமுனையில் இஸ்திரி போடும் துலுக்காணத்துக்கு. அவருக்கு எதற்கு என்று ஏகாம்பரம் கேட்டார். "அவரையே கேளுங்க" என்றாள் கஸ்தூரி.

துலுக்காணம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினார்.

"இன்னா சார், வூடு வாங்கிட்டியா?"

"இல்லப்பா, போறோம். நீ எங்களுக்கு என்ன செஞ்சேன்னு உன்கிட்டயே கேக்கச் சொன்னா."

"நான் இன்னா சார் செஞ்சேன்? ஒண்ணும் செய்யல." ஒரு வாய் குடித்தார். "அப்போ பாப்பா மூணாவது படிச்சிகினு இருந்திச்சு. நீ வூட்டுல செய்யற வேலைய நிறுத்திட்டு ஒரு புது ஆபீசுக்குப் போயிகினு இருந்தியே, அந்த வருசம். மூணு மணிக்கு இஸ்கூல் வுட்டு வந்தா வூட்டுல ஆள் இருக்காது. பாப்பா இங்கதான் குந்திகினு பாடம் எழுதும். அம்மா வர்றதுக்கு ஆறாயிடும். இந்த வண்டிக்கு அடியில வெயிலு வராது பாரு. அவ்ளோதான் சார். குயந்த பாட்டுக்கு இருந்திச்சு."

ஒரு வருடம். ஏகாம்பரத்துக்கு அது தெரியாது. பள்ளியிலேயே உட்கார்ந்து படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அப்படி யார் சொன்னார்கள் என்றும் நினைவில்லை. தள்ளுவண்டிக்கு அடியில் இருந்த அந்த நிழலைக் குனிந்து பார்த்தார். ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. கை கூப்பினார்.

"ஐய, இன்னா சார் நீ" என்று துலுக்காணம் கூச்சத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மாலையில் டம்ளர்கள் திரும்பி வந்தன. ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. அற்புதமேரியின் டம்ளரில் சர்க்கரை. மேல்வீட்டு டம்ளரில் இரண்டு முறுக்கு. ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் கைப்பிடி முந்திரி. மாவுக் கடைக்காரர் டம்ளரில் தோசை மாவு. துலுக்காணத்தின் டம்ளரில் ஒரு முழம் மல்லிகையைச் சுருட்டி வைத்து, பாப்பாவின் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். கஸ்தூரி அதைத் தலையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். துடைத்துவைத்த பெட்டி அன்றிரவே பரணுக்குத் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் இருவருமாக மடத்துக்கு வந்தார்கள். மகளுக்குப் பரீட்சை. அம்மா அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் பக்கம் ஒரு அரிவாள்மனையைத் தள்ளினார். யாரும் சொல்லாமலேயே கஸ்தூரியும் ஒன்றை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆறு டம்ளரும் வந்துச்சா?" என்றார் அம்மா.

"வந்தது அம்மா" என்றார் ஏகாம்பரம். "ஆறோட நிக்கல. மூணு தடவை காய்ச்சினோம். இப்ப எனக்கு அந்தத் தெருவை விட்டுப் போகவே மனசு வரல."

"இப்பப் போகலாம்."

"எந்த ஊருக்கும்மா?"

அம்மா நோட்டை வாங்கி, படிக்காமலேயே கஸ்தூரியின் பக்கம் நீட்டினார். "நீங்க இதைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. இவர்தான் தனியாப் போயிட்டுத் தனியா வருவாரு. வந்து அடிச்சுருவாரு."

கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவள் பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாவது ஊரில் நின்றாள்.

"எல்லாம் சரியா இருக்கே. எதுக்கு அடிச்சீங்க?"

"தண்ணி உப்பு."

"உப்புன்னு எப்படித் தெரியும்? குடிச்சுப் பாத்தீங்களா?"

"குடிக்கல. குடிக்கப் போனேன். நல்ல சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு எறங்கி நடந்துபோனதுல தலை சுத்திடுச்சு. தெருவுல ஒரு குழாய் இருந்தது. கையை ஏந்தினேன். எதிர்வீட்டுலேருந்து ஒரு அம்மா, 'ஐயையோ, அது உப்புத் தண்ணிங்க, குடிக்காதீங்க'ன்னு ஓடியாந்தாங்க. நிழல்ல உக்கார வெச்சாங்க. அவங்க வீட்டுலேருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. கோயில் கிணத்துத் தண்ணியாம், ரெண்டு தெரு தள்ளி. ஊரே அங்கதான் போயி எடுக்குமாம். நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் முந்தானையால விசிறிக்கிட்டே நின்னாங்க."

அவரே கேட்டிராத கதையைச் சொல்வதுபோல் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அப்புறம்?" என்றாள் கஸ்தூரி.

"அப்புறம் நிழல்லேயே உக்காந்து நோட்டை எடுத்து, தண்ணி உப்புன்னு எழுதி அடிச்சேன்."

கஸ்தூரி நோட்டை மூடிக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தெருதானே? மெட்ராஸ்ல அற்புதமேரி அக்கா லாரி பின்னாடி ஓடுனதைவிடவா தூரம்?"

"உன் ஆபீசை விட்டுட்டு வரணுமே. உனக்குச் சம்மதமா?" என்றார் ஏகாம்பரம்.

"இதையாவது கேக்கத் தோணுச்சே."

அம்மா நறுக்குவதை நிறுத்தினார்.

"அந்தம்மா பேரு என்ன ஐயா?"

"கேக்கலம்மா."

"சொம்பை எப்படித் திருப்பிக் குடுத்தீங்க?"

ஏகாம்பரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"வெறும் சொம்பாத்தாம்மா குடுத்தேன்."

அம்மா ஏகாம்பரத்தின் முன்னால் இருந்த அரிவாள்மனையை மெதுவாக மடக்கி வைத்தார்.

"போய் அந்தம்மாவுக்கு முதல் டம்ளரைக் குடுத்துட்டு வாங்க. அங்கேயே இருந்துட்டாலும் சரி."